தெருக்கூத்து கேம் இரண்டாம் பாகம்: பழைய கேரக்டர் மாடல்களில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

கோட்டை_அகழி (இழையைத் தொடங்கியவர்):

எல்லாருக்கும் வணக்கம். காட்பாடியில் ஐந்து பேர் கொண்ட குழு. தெருக்கூத்தை வைத்து ஒரு மொபைல் கேம் வெளியிட்டிருக்கிறோம், இப்போது கணினிக்கு இரண்டாம் பாகம். முதல் பாகத்துக்கு யூனிட்டி என்ற இன்ஜின் (கேமை ஓட்டும் அடிப்படை மென்பொருள்), அடுத்ததற்கு அன்ரியல் 5.

கையில் இருப்பவை: 14 கேரக்டர்கள், ஒவ்வொன்றின் மெஷ்ஷும் (முக்கோணங்களால் ஆன உடல் வலை) சுமார் 8,000 முக்கோணம். ஆளுக்கு ஒரு 1024 பிக்சல் டெக்ஸ்சர் (உடல்மேல் போர்த்தும் படம்), ஒளியும் நிழலும் அதிலேயே கையால் தீட்டியது. மிக்சமோ தளத்தின் ரிக் (உடலை அசைக்கும் எலும்புக்கூடு), அதன்மேல் அடவு, நடை, சண்டை என்று 60 அனிமேஷன். கட்டியங்காரன், துரியோதனன், திரௌபதி உட்பட 6 பேருக்கு முகத்தில் 22 ஷேப் கீ (சேமித்துவைத்த முகபாவ வடிவங்கள்). மாடல் எல்லாம் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் செய்தவை.

பெரிய ஸ்டுடியோக்கள் அடுத்த பாகத்துக்குப் போகும்போது எதை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள், எதைப் புதிதாகச் செய்கிறார்கள்? எங்கள் நிலைமைக்கு எங்கிருந்து தொடங்குவது?

குடியாத்தம்_ரிக்:

தம்பி, மெஷ்ஷைப் பார்க்கிறதுக்கு முன்னாடி எலும்புக்கூட்டை முடிவு பண்ணுங்க. உங்ககிட்ட இருக்கிறதுலயே விலை கூடுன சொத்து அந்த 60 அனிமேஷன்தான். அது ஒட்டியிருக்கிறது எலும்புலதான், தோல்ல இல்ல. ஸ்டுடியோக்கள் தொடர் முழுக்க ஒரே எலும்புக்கூட்டை உறையவச்சிட்டு, அதுமேல புதுப்புது மெஷ்ஷை மாட்டுறாங்க. முகம் மாறும், உடை மாறும். எலும்போட பேரும் வரிசையும் மாறாது.

மிக்சமோ ரிக்கை அப்படியே கொண்டுபோகாதீங்க. அதுல ரூட் எலும்பு கிடையாது, இடுப்பெலும்புதான் உச்சி. அன்ரியல்ல ரூட் மோஷன், அதாவது அனிமேஷனே ஆளை நகர்த்துறது, வேலை செய்யணும்னா தரையில ஒரு ரூட் வேணும். அது இல்லாம ஒன்றேகால் சுத்து சுத்துற அடவைப் போட்டா உடம்பு சுத்தும், ஆளைச் சுத்தி மோதலுக்கு இருக்கிற கேப்சூல் சுத்தாது. அனிமேஷன் முடிஞ்சதும் ஆள் வெடுக்குனு பழைய திசைக்குத் திரும்பி நிப்பான்.

ஒரே தடவை உட்கார்ந்து அன்ரியல் 5-ஓட வர்ற மேனிக்வின் பொம்மையோட எலும்புக்கூட்டுக்கு மாத்திடுங்க. இப்படி அசைவை வேற எலும்புக்கூட்டுக்கு மாத்துறதுக்குத்தான் ரீடார்கெட்னு பேரு. பழசுக்கு ஒரு ஐகே ரிக் (எலும்புகளைச் செயின்னு தொகுதியா பிரிக்கிற கோப்பு), புதுசுக்கு ஒரு ஐகே ரிக். ரெண்டுலயும் முதுகு, கழுத்து, தோள்பட்டை, கை, கால், விரல்னு செயினுக்கு ஒரே பேர் வைங்க. ரீடார்கெட் ரூட்டா இந்தப் பக்கம் ஹிப்ஸ், அந்தப் பக்கம் பெல்விஸ். அப்புறம் ரீடார்கெட் போஸ். மிக்சமோ டி போஸ்ல (கையைப் பக்கவாட்டுல நீட்டி) நிக்கும், மேனிக்வின் ஏ போஸ்ல (கையைச் சாய்வா இறக்கி) நிக்கும். மேல்கையைத் திருப்பி ரெண்டையும் ஒண்ணாக்காம விட்டா எல்லா அனிமேஷன்லயும் கை உடம்புக்குள்ள புகும், இல்ல இறக்கை மாதிரி விரிஞ்சி நிக்கும். கால் நீளம் வித்தியாசப்பட்டா பாதம் வழுக்கும், அதுக்குப் பாதத்துல, அதை இடத்துல நிறுத்துற ஐகே கோல் வைக்கணும்.

இன்னொண்ணு. மிக்சமோவுல முன்கையோட முறுக்கைத் தாங்குற டுவிஸ்ட் எலும்பு இல்ல. மேனிக்வின்ல இருக்கு. பழைய வெயிட்டை (எந்த எலும்பு தோலை எவ்வளவு இழுக்கும்ங்கிற அளவு) கொண்டுபோனா அந்த எலும்புகளுக்கு எந்தப் பங்கும் இருக்காது, மணிக்கட்டைத் திருப்பினா முன்கை முறுக்குன துணி மாதிரி நசுங்கும். முழங்கைலேர்ந்து மணிக்கட்டு வரைக்கும் வெயிட்டைப் படிப்படியா பிரிச்சிக் குடுக்கிற வேலையைக் கையாலதான் செய்யணும்.

வாலாஜா_வெர்டெக்ஸ்:

எலும்பு விஷயத்தில் ரிக் அண்ணன் சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. மெஷ் விஷயத்தில் ஒன்றை நேராகவே சொல்லிவிடுகிறேன்: அந்த 8,000 முக்கோண உடல் கணினி கேமில் முன்னால் நிற்க லாயக்கில்லை. சப்டிவைட் போட்டால் (முக்கோணங்களைத் துண்டாக்கினால்) எண்ணிக்கைதான் ஏறும், விவரம் ஏறாது. தோள், முழங்கால், வாயோரம் மடங்கும் இடங்களில் எட்ஜ் லூப் (விளிம்பு வளையம்) மொபைல் கணக்குக்குப் போட்டதாக இருக்கும். புதிதாக ஸ்கல்ப்ட் செய்து (களிமண் போலச் செதுக்கி), மேலே ரீடோபாலஜி செய்வதுதான் (சீரான வலையை மறுபடி கட்டுவதுதான்) வழி. கதாநாயகப் பாத்திரத்துக்கு 40,000 முக்கோணம் போதும்.

இன்ஜின் மாறும் சமயம்தான் செலவு செய்யவேண்டிய சமயம். யாகுசா கேம் வரிசையைப் பாருங்கள். 2016-இல் யாகுசா 6 வந்தபோது டிராகன் இன்ஜினுக்கு மாறினார்கள், காமுரோச்சோ நகரத்தைப் புதிதாகக் கட்டினார்கள். அந்த உழைப்பை 2017-இல் கிவாமி 2, 2018-இல் ஜட்ஜ்மென்ட் என்று அடுத்தடுத்து அறுவடை செய்தார்கள். ரெசிடென்ட் ஈவில் கேம் வரிசையும் அப்படியே. ஆர்ஈ இன்ஜின் 2017-இல் ஏழாம் பாகத்தோடு வந்தது, 2019-இல் இரண்டாம் பாகத்தின் மறு ஆக்கம், மறு ஆண்டே மூன்றாம் பாகத்தின் மறு ஆக்கம். ஒரே காவல் நிலையம் இரண்டிலும் வரும். இன்ஜின் மாறாத ஆண்டுகளில்தான் மறுபயன்பாடு லாபம் தருகிறது.

ஆனால் பழைய மெஷ்ஷை அழித்துவிடாதீர்கள். கூத்து பார்க்கும் ஊர்ச்சனம் யார்? இரவு முழுக்க உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு அந்த 8,000 முக்கோண உடல்கள் பொருத்தமானவை. முக்கியப் பாத்திரங்களுக்கும் எல்ஓடி (தூரத்துக்கேற்ப மாறும் விவர நிலை) இப்படி அமையலாம்: முதல் நிலை 40,000, அடுத்து 20,000, மூன்றாவது உங்கள் பழைய 8,000, கடைசி 2,500. ஒரு நிபந்தனை: கீழ்நிலை மெஷ்ஷில் இருக்கும் எலும்பு எதுவும் மேல்நிலையில் இல்லாததாக இருக்கக்கூடாது. அதனால் பழைய மெஷ்ஷுக்கும் புது எலும்புக்கூட்டின்படி வெயிட் மாற்றியே ஆகவேண்டும்.

ஆரணி_நெசவு:

டெக்ஸ்சர் பக்கம் நான் சொல்கிறேன். ஒளியும் நிழலும் தீட்டிய டெக்ஸ்சரைப் பிபிஆர் (ஒளியை இயற்பியல்படி கணக்கிடும் முறை) மெட்டீரியலில் பேஸ் கலராக, அதாவது அடிநிறமாகப் போட்டால் நிழல் இரட்டிப்பாகும். மூக்கின் கீழே நீங்கள் தீட்டிய நிழல், விளக்கு கீழிருந்து அடித்தாலும் அங்கேயே நிற்கும். கூத்தில் விளக்கு எங்கிருந்தெல்லாம் வரும் என்று உங்களுக்குத் தெரியும், உடனே கண்ணில் உறுத்தும். நிறத்தை மட்டும் பிரித்தெடுங்கள். கரியைப் போன்ற இருட்டு நிறமும் எஸ்ஆர்ஜிபி அளவில் (0 முதல் 255 வரை) 30-க்குக் கீழே போகவேண்டாம், வெள்ளை 240-ஐத் தாண்டவேண்டாம். அரிதாரத்தின் சிவப்பு, பச்சை, வெள்ளைக் கோடு, கருப்பு மீசை ஒவ்வொன்றுக்கும் தனி மாஸ்க் (நிறம் படியும் இடத்தைக் குறிக்கும் படம்) வையுங்கள். அந்த மாஸ்க்தான் மூன்றாம் பாகத்துக்கும் வரும் சொத்து.

புது மெஷ்ஷுக்கு யூவி (படம் மெஷ்மேல் எங்கே படியும் என்ற வரைவு) மாறும், அதனால் பழைய மாஸ்க்குகளைப் பிளெண்டரில் பேக் செய்து (புதுப் படத்தில் பதித்து) மாற்றுங்கள். பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரரில் செலக்டட் டு ஆக்டிவ் முறை: முதலில் பழைய மெஷ், பிறகு ஷிஃப்ட் அழுத்திப் புது மெஷ். எக்ஸ்ட்ரூஷன் (பேக் தேடும் தூரம்) அளவைச் சிறிதாகத் தொடங்கிக் கூட்டிக்கொண்டு போங்கள். அதிகமானால் விரலின் நிறம் பக்கத்து விரலில் படியும். 2048 டெக்ஸ்சருக்கு மார்ஜின் 16 பிக்சல். நிறத்தையும் மாஸ்க்கையும் இப்படி மாற்றலாம், நார்மல் மேப்பை (மேடுபள்ளம் காட்டும் படம்) மாற்ற முடியாது. அது டேஞ்சென்ட் திசையைச் சார்ந்தது, யூவி தீவு திரும்பினாலே தப்பாகிவிடும். ஸ்கல்ப்டிலிருந்து மறுபடியும் பேக் செய்யவேண்டும்.

அதே முறையைத் தலைகீழாகவும் ஒருமுறை செய்யவேண்டியிருக்கும். வாலாஜா சொன்ன எல்ஓடி யோசனைக்குப் புது மெஷ்ஷின் தோற்றத்தைப் பழைய மெஷ்ஷின் யூவியில் பேக் செய்தால்தான் தூரம் மாறும்போது நிறம் குதிக்காது.

பிளெண்டர், யூனிட்டி இரண்டும் ஓபன்ஜிஎல் வகை நார்மல் மேப், அன்ரியல் டைரக்ட்எக்ஸ் வகை. பச்சை சேனல் தலைகீழ். அன்ரியலில் டெக்ஸ்சரைத் திறந்து பச்சையைத் திருப்பும் தெரிவை இட்டால் போதும். மறந்தால் குழியெல்லாம் மேடாகத் தெரியும்.

திரௌபதியின் புடவைக்குத் தனி டெக்ஸ்சர் போடவேண்டாம். பட்டுக் கரைகளை ஒரே 2048 தாளில் நீளவாக்கில் அடுக்குங்கள்: ஒரு பட்டை கோபுரக் கரை, ஒரு பட்டை உருத்திராட்சம், ஒரு பட்டை வெறும் ஜரிகை. புடவை, வேட்டி, திரைச்சீலை எல்லாவற்றின் ஓரத்து யூவியையும் நேராக நிமிர்த்தி, வேண்டிய பட்டையில் வைத்தால் 14 பேருக்கும் இந்த ஒரு தாளே போதும். ஜரிகைக்கு மெட்டாலிக் (உலோகத்தன்மை) 1, பட்டு நூலுக்கு 0. நடுவில் 0.5 என்று வைத்தால் தகரம் மாதிரி இருக்கும்.

கோட்டை_அகழி:

நன்றி அண்ணா, நன்றி. இரண்டு சந்தேகம். ஒன்று, முகத்தின் 22 ஷேப் கீ. புது முகத்துக்கு வெர்டெக்ஸ் (முனைப்புள்ளி) எண்ணிக்கையே வேறு, அதனால் எல்லாம் போய்விடுமா? இரண்டு, கட்டை வேஷத்துக்கான (மர அணிகலன் கட்டி ஆடும் வேஷம்) கிரீடம், புஜகீர்த்தி (தோளணி), மார்புப் பதக்கம் முதல் பாகத்தில் உடலோடு ஒட்டியே இருந்தன. பிரிக்கலாமா?

குடியாத்தம்_ரிக்:

ஷேப் கீ வெர்டெக்ஸ் வரிசையில நிக்கிறது. ஒரு வெர்டெக்ஸ் கூடினாலும் வரிசை கலைஞ்சிடும். ஆனா அசைவைக் கடத்த முடியும். புது முகத்தைப் பழைய முகத்துமேல சரியா பொருத்தி வைங்க. புது முகத்துக்கு சர்ஃபேஸ் டிஃபார்ம் மாடிஃபையர் (ஒரு மெஷ்ஷை இன்னொண்ணோட சேர்ந்து அசைய வைக்கிற கருவி), டார்கெட் பழைய முகம், பைண்ட் அழுத்துங்க. பழைய முகத்துல ஒரு ஷேப் கீயை 1-க்கு ஏத்துங்க, புது முகமும் கூடவே அசையும். மாடிஃபையர் மெனுவுல ஷேப் கீயா சேமிக்கிற தெரிவு இருக்கு, அதை அழுத்தி, பேரைப் பழைய பேராவே வைங்க. கீழ இறக்கிட்டு அடுத்தது.

பைண்ட் ஆகலன்னா பழைய முகத்துல கோளாறு இருக்குன்னு அர்த்தம். ஒரே விளிம்புல மூணு பக்கம் சேர்ந்திருக்கும், இல்ல ரெண்டு வெர்டெக்ஸ் ஒரே இடத்துல படுத்திருக்கும், இல்ல உள்வாங்கின பலகோணம் இருக்கும். ஆனா வெர்டெக்ஸை மெர்ஜ் பண்ணி சுத்தம் பண்றது ஷேப் கீயைக் குலைக்கலாம், ஒரு நகல்ல பண்ணிப் பாருங்க.

உதடு ஒட்டியிருந்தா கீழுதடு மேலுதட்டோட போகும். வாயைக் கொஞ்சம் திறந்த நிலையில ரெண்டு முகத்தையும் வச்சிட்டு பைண்ட் பண்ணுங்க. வெயிட் கடத்தும்போதும் இதே தொல்லைதான். டேட்டா டிரான்ஸ்ஃபர் மாடிஃபையர்ல நியரஸ்ட் ஃபேஸ் இன்டர்பொலேட்டட் வச்சா அக்குள், விரலிடுக்கு, உதடு மூணு இடத்துலயும் பக்கத்துத் தோலோட வெயிட்டை எடுத்துக்கும். முடிஞ்சதும் லிமிட் டோட்டல் 4, நார்மலைஸ் ஆல். அன்ரியல் இயல்பா ஒரு வெர்டெக்ஸுக்கு 8 எலும்பு வரைக்கும் தாங்கும், ஆனா கூட்டத்துக்கும் போற மெஷ்ஷுக்கு 4 போதும்.

22-ஓட நிக்காம ஆப்பிள் ஏஆர்கிட்டோட 52 முகபாவப் பேரு வரிசைக்குக் கொண்டுபோயிடுங்க. போன் கேமராவுல முகபாவம் பிடிக்க வசதி, மூணாம் பாகத்துக்கும் அதே பேரு செல்லும்.

பாலாற்றங்கரை:

கிரீடத்தைக் கட்டாயம் பிரியுங்கள். கூத்து ஜமாவே (கூத்துக் குழு) அப்படித்தான் நடத்துகிறது: ஒரு பெட்டி அணிகலன், இன்று துரியோதனன் தலையில் இருப்பது வேறொரு நாள் கர்ணன் தலைக்குப் போகிறது. உங்கள் கோப்பும் அப்படி இருக்கட்டும். தலை, உடல், பாவாடை, அணிகலன் நான்கும் தனித்தனி மெஷ், ஒரே எலும்புக்கூடு. 5 கிரீடம், 3 புஜகீர்த்தி, 4 பதக்கம் வைத்தாலே 60 சேர்க்கை வரும்.

கிரீடம் மரம், வளையாது. தலையெலும்பில் ஒரு சாக்கெட் (பொருளை மாட்டும் இடம்) வைத்து மாட்டுங்கள், ஸ்கின்னிங் (எலும்போடு வளையும்படி பிணைப்பது) வேண்டாம். புஜகீர்த்தியைத் தோள்பட்டை எலும்பில் நேராக மாட்டினால் கையை உயர்த்தும்போது அது காதைக் குத்தும். தோள்பட்டையின் கீழே ஒரு புது நுனி எலும்பு வைத்து, அதற்குச் சுழற்சியில் பாதி மட்டும் போகிற மாதிரி கட்டுங்கள். விரிந்த பாவாடைக்கு இடுப்பிலிருந்து சுற்றிலும் 8 செயின், செயினுக்கு 3 எலும்பு, மொத்தம் 24. எல்லாம் நுனியில் சேர்வதால் பழைய அனிமேஷன் எதுவும் உடையாது. நடுவில், அதாவது முதுகெலும்பு வரிசைக்கு இடையில் ஒன்றைச் செருகினால்தான் அன்ரியல் எலும்புக்கூடு பொருந்தவில்லை என்று மறுக்கும். சுழலும் அடவில் தொடை பாவாடையைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவது வழக்கமான கோளாறு. இரண்டு தொடைக்கும் மோதல் கேப்சூல் வையுங்கள், பாவாடைக்கு உள்ளே மறையும் தொடை முக்கோணங்களை நீக்கியே விடுங்கள். மூன்றாவது எல்ஓடிக்குக் கீழே துணி கணக்கீட்டை நிறுத்திவிடலாம்.

அசல் கிரீடத்தைப் புகைப்படம் எடுத்து ஸ்கேன் செய்யும் எண்ணம் இருந்தால் ஒரு எச்சரிக்கை. அதில் பதித்த கண்ணாடிச் சில்லுகளில் கோணத்துக்குக் கோணம் பிம்பம் நகரும், மென்பொருள் அதைப் பரப்பு என்று நம்பி, குழியும் முள்ளுமாக மெஷ் தரும். ஜமாவின் அனுமதியோடு ஒவ்வொரு சில்லின்மேலும் காகித டேப் ஒட்டி, மேகமூட்டமான வெளிச்சத்தில், அடுத்தடுத்த படங்கள் 70 சதவீதமாவது ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எடுங்கள். கண்ணாடியைப் பிறகு தனி மெட்டீரியலாக வையுங்கள்: மெட்டாலிக் 1, ரஃப்னெஸ் (சொரசொரப்பு) 0.05 பக்கம்.

வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களையும் ஸ்கேன் செய்ய ஆசை வரும். அது தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடம், வணிக நோக்கத்துக்கு முன் அனுமதி வாங்குங்கள்.

சத்துவாச்சாரி_கோப்பு:

அனுமதி என்ற பேச்சு வந்ததால் இதைச் சேர்க்கிறேன், அடுத்த பாகத்தை நிறுத்திவிடக்கூடிய விஷயம் இது. முதல் பாகத்தில் வெளி ஆர்ட்டிஸ்ட் யாராவது மாடல் செய்து தந்தாரா? சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் வேலைநேரத்தில் செய்தது பொதுவாக நிறுவனத்துக்குச் சேரும். வெளி ஆள் செய்தது அப்படி அல்ல, எழுத்தில் உரிமை மாற்றம் வேண்டும். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றும், நிலப்பரப்பு எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். முதல் பாகம் வந்து ஆறாம் ஆண்டு உலகச் சந்தையில் இரண்டாம் பாகம் விட்டால் இரண்டும் இடிக்கும். "தொடர் பாகங்கள், மறு ஆக்கம், எல்லா நாடுகள், இத்தனை ஆண்டு" என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

கூத்துக் கலைஞரின் முகத்தையோ அடவையோ பிடித்திருந்தால் முகம், குரல், அசைவு மூன்றுக்கும் தனித்தனியாக ஒப்புதல் வாங்குங்கள். நிகழ்த்துவோர் உரிமை 38-ஆம் பிரிவில் இருக்கிறது, காலம் 50 ஆண்டு. பாகத்துக்குப் பாகம் அவருக்குப் பணம் போகிற மாதிரி எழுதுவதுதான் நியாயம்.

வாலாஜா_வெர்டெக்ஸ்:

முகம் பற்றி ஒரு முன்னுதாரணம். 2018-இல் வந்த ஸ்பைடர்மேன் கேமை 2020-இல் புதுப்பித்தபோது பீட்டர் பார்க்கரின் முகத்தையே இன்சோம்னியாக் ஸ்டுடியோ மாற்றியது. நடிப்பைக் கொடுத்தவரின் முகப் பதிவோடு புது முகம் நன்றாகப் பொருந்துகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். ரசிகர்கள் பலர் ஏற்கவில்லை. ரிக் அண்ணன் சொன்ன 52 முகபாவப் பெயர்களும் சரியாக இருந்தாலும், நடிப்பவரின் தாடை அகலமும் மாடலின் தாடை அகலமும் ஒத்துவராவிட்டால் வாயசைவு ஒட்டாது. யார் முகபாவம் கொடுக்கப்போகிறார் என்று முடிவான பிறகே ஸ்கல்ப்டைத் தொடங்குங்கள்.

நிறம் மாற்றி வேறு பாத்திரமாக்குவதும் பழைய வழிதான். 1994-இல் டூம் 2-இல் வந்த ஹெல் நைட், முதல் டூமின் பேரன் ஆஃப் ஹெல் உருவமே, நிறம் மட்டும் வேறு. உயிர் அளவு 1000-க்குப் பதில் 500. துச்சாதனனையும் மற்றக் கௌரவர்களையும் இப்படிச் செய்யலாம், ஆனால் நடையை மாற்றுங்கள். தூரத்தில் ஆளை நடையில்தான் அடையாளம் காண்கிறோம்.

பேரணாம்பட்டு_பிளேயர்:

விளையாடுபவன் தரப்பில் கேட்கிறேன். மாடல் கையில் இருந்தும் போகிமான் சுவார்ட், ஷீல்ட் கேம்களில் ஏன் எல்லாப் போகிமான்களையும் சேர்க்கவில்லை? பழைய மாடலையே போடுகிறார்கள் என்று கோபப்படுவதா, போடவில்லை என்று கோபப்படுவதா?

வாலாஜா_வெர்டெக்ஸ்:

2013-இல் போகிமான் எக்ஸ், ஒய் வந்தபோது முப்பரிமாணத்துக்கு மாறினார்கள். 2019-இல் சுவார்ட், ஷீல்டின் முதல் வெளியீட்டில் 400 சொச்சம் போகிமான்கள் இருந்தன, அதுவரை வந்தவையோ 800-க்கும் மேல். மாடல் இருப்பது வேலையின் ஒரு பங்குதான். ஒவ்வொன்றுக்கும் அசைவு, சண்டைச் சமநிலை, புது ஒளியமைப்பில் சோதனை எல்லாம் பெருகும். கோட்டை_அகழியின் கணக்கையே எடுங்கள்: 14 பேர், 60 அனிமேஷன், 840 ஜோடி. ஒவ்வொன்றிலும் கிரீடம் தோளைக் குத்துகிறதா, பாதம் வழுக்குகிறதா என்று ஒருவர் கண்ணால் பார்த்தாகவேண்டும்.

கோபம் எப்போது வராது என்றால், மிச்சம் பிடித்த நேரம் கண்ணுக்குத் தெரியும்போது. செல்டா கேம் வரிசையில் 1998-இல் ஒகரினா ஆஃப் டைம், 2000-இல் மஜோராஸ் மாஸ்க். அதே மாடல்கள் வேறு ஊரில் வேறு ஆட்களாக வருகின்றன. மிச்சமான உழைப்பு மூன்று நாள் சுழற்சியிலும் ஒவ்வொருவருக்கும் எழுதிய நேர அட்டவணையிலும் போனது. இன்றுவரை மக்கள் அந்த கேமைக் கொண்டாடுகிறார்கள்.

கோட்டை_அகழி:

ஒரு பாத்திரத்தைச் சோதனைக்கு ஏற்றிப் பார்த்தோம். ரூட் எலும்பின் அளவு 100 என்று காட்டுகிறது, சாக்கெட்டில் மாட்டிய கிரீடம் மலையளவு நிற்கிறது. ஒவ்வொரு விரல் நுனியிலும் கூடுதலாக ஓர் எலும்பு வேறு.

குடியாத்தம்_ரிக்:

பிளெண்டர்ல 1 யூனிட் 1 மீட்டர், அன்ரியல்ல 1 சென்டிமீட்டர். சீன் யூனிட் ஸ்கேலை 0.01 ஆக்கி, மாடல், எலும்புக்கூடு ரெண்டையும் 100 மடங்கு பெருசாக்கி, ஸ்கேலை அப்ளை பண்ணிட்டு ஏற்றுமதி பண்ணுங்க. அனிமேஷன்ல இடுப்போட இடப்பெயர்ச்சி வளைவுகளையும் 100-ஆல பெருக்கணும், விட்டா ஆள் நின்ன இடத்துலயே காலை ஆட்டுவான். விரல் நுனி எலும்புக்கு எஃப்பிஎக்ஸ் (இன்ஜினுக்குக் கொண்டுபோற கோப்பு வகை) ஏற்றுமதியில லீஃப் போன் சேர்க்கிற தெரிவை எடுத்துடுங்க. பிளெண்டர் எலும்புக்கூட்டுப் பொருளுக்கு "ஆர்மேச்சர்"ங்கிற அந்த இயல்பான பேரையே விட்டுடுங்க. பேரை மாத்தினா அன்ரியல் அதையும் ஒரு எலும்பா மேல சேர்த்துக்கும்.

சத்துவாச்சாரி_கோப்பு:

இதெல்லாம் முடிந்ததும் மூலக் கோப்பு. கிங்டம் ஹார்ட்ஸ் முதல் பாகத்தின் மூலத் தரவு தொலைந்துபோனதால் 2013 எச்டி பதிப்புக்குப் பெரும்பகுதியை மறுபடி உருவாக்கவேண்டியிருந்தது. 2021 மாஸ் எஃபெக்ட் தொகுப்பில் பின்னக்கிள் ஸ்டேஷன் என்ற கூடுதல் பகுதி விடுபட்டதற்கும் மூலக் கோடு கெட்டுப்போனதே காரணம். எஃப்பிஎக்ஸை மட்டும் வைத்திருப்பது மூலத்தை வைத்திருப்பதாகாது. மாடிஃபையர் அப்ளை செய்யாத பிளெண்டர் கோப்பு, ஸ்கல்ப்ட், லேயர் பிரிந்த டெக்ஸ்சர் கோப்பு, 16 பிட் பேக், எந்தப் பதிப்பு மென்பொருள் என்ற குறிப்பு, கையெழுத்தான ஒப்பந்தத்தின் நகல், எல்லாம் ஒரே கோப்புறையில் பாத்திரத்தின் பெயரில். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். ஆண்டுக்கு ஒருமுறை ஏதாவது ஒரு பாத்திரத்தை நகலிலிருந்து திறந்து, ஏற்றுமதி வரைக்கும் ஓட்டிப் பாருங்கள். திறக்காத நகல் கெட்டிருந்தாலும் தெரியாது.

ஆரணி_நெசவு:

பேக் செய்யும்போது ஒன்று. மே மாதத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுகிறது. லேப்டாப்பில் 4கே பேக்கைப் பகலில் போட்டால் சூட்டில் வேகம் பாதியாகக் குறையலாம். பகலில் 1024-இல் போட்டு எக்ஸ்ட்ரூஷன், யூவி கோளாறு எல்லாம் சரிசெய்துகொண்டு, இரவில் முழு அளவில் வரிசையாக விடுங்கள். யுபிஎஸ் இருக்கட்டும். துரியோதனனை முதலில் எடுங்கள். கிரீடம், புஜகீர்த்தி, பாவாடை, மீசை, 22 ஷேப் கீ எல்லாம் அவரிடம் இருக்கின்றன. அவர் ஒழுங்காக ஏறிவிட்டால் மற்ற 13 பேருக்கும் அதே வரிசைதான்.